கால்நடை கேள்வி–பதில்: கேனுக்கும் மாட்டுக்கும் நடுவே உறைவிந்துக் குச்சி

எங்கள் ஊருக்குச் சினை ஊசி போட வருபவர் உறைவிந்துக் குச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். மாட்டைக் கட்டி முடிப்பதற்குள் தானே உருகிவிடும் என்கிறார். மூன்று பருவம் தவறிவிட்டது. இதுதான் காரணமா?
– பால் பண்ணையாளர், பொள்ளாச்சி வட்டம்

இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மூன்று முறை சினை நிற்காத மாட்டின் கருப்பையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது தனி வேலை, அதையும் செய்துவிடுங்கள். ஆனால் பையில் உருக்கும் பழக்கத்தை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

குச்சி என்பது விந்து நிரப்பிய மெல்லிய பிளாஸ்டிக் குழல். நம் நாட்டில் புழங்கும் 0.25 மி.லி. குச்சியில் உறையவைக்கும்போது சுமார் 2 கோடி உயிரணுக்கள் இருக்கும். உருக்கிய பிறகு அவற்றில் குறைந்தது பாதியாவது நீந்த வேண்டும் என்பது விந்து நிலையங்களுக்கான தரம். ஆக, நிலையத்திலேயே பாதி வரை போய்விடுகிறது. மிச்சத்தைக் காப்பாற்றுவது குச்சியை எடுப்பவரின் கையில் இருக்கிறது. மெதுவாக உருகும்போது உள்ளேயுள்ள நுண்ணிய பனித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உயிரணுவின் சவ்வைக் கிழிக்கும். உருகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீம் வாயில் நறநறப்பது இதனால்தான். அந்தக் கட்டத்தை வேகமாகக் கடந்துவிட வேண்டும்.

அதற்கான வழி: 37 டிகிரி செல்சியஸ் வெந்நீர், 30 விநாடி, முழுக்குச்சியும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். வாயகன்ற ஃபிளாஸ்க்கும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். விரலை விட்டுப் பார்த்து ‘வெதுவெதுப்பு’ என்று முடிவு செய்வது சரிவராது. சில டிகிரி வித்தியாசம் பலர் விரலுக்குத் தெரியாது. குச்சியை நீரிலிருந்து எடுத்ததும் டிஷ்யூ காகிதத்தால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெட்டும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் அதைத் தொடும் உயிரணுக்கள் ஊதிச் செத்துவிடும். உருக்கிய குச்சியை 15 நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டும். மாட்டைக் கட்டி, சாணம் எடுத்து, பருவத்தை உறுதி செய்த பிறகுதான் குச்சியைத் திரவ நைட்ரஜன் கேனிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு மாடு இருந்தால் இரண்டு முறை உருக்குங்கள். உருக்கியதைத் திரும்ப நைட்ரஜனில் போடுவதில் எந்தப் பயனும் இல்லை.

வெளிநாட்டில் சில நிறுவனங்கள் பையில் உருக்கும்படியே விந்துக் கலவையைத் தயாரிக்கின்றன. அந்தச் செய்தி காதுவழி இங்கே வந்து பழக்கமாகியிருக்கக்கூடும். நமக்குக் கிடைக்கும் குச்சிகள் 37 டிகிரிக்கானவை.

புதிதாகப் பயிற்சி முடித்திருக்கிறேன். கேனுக்குள் குச்சிகளை நிறுத்தி வைக்கும் குவளையான கேனிஸ்டர் ஒன்றிலேயே ஜெர்சி, கலப்பினம், காங்கேயம் என்று கலந்து கிடக்கிறது. தேவையான காளையின் குச்சியைத் தேடி எடுக்க எத்தனை நேரம் எடுத்துக்கொள்ளலாம்?
– கருவூட்டல் பணியாளர், தாராபுரம்

ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்குள். அதுவும் கேனிஸ்டரைக் கேனின் கழுத்துக்கு வெளியே தூக்காமல், வாயிலிருந்து நான்கைந்து விரல் கீழேயே நிறுத்தி. பத்து விநாடியில் கிடைக்கவில்லையா, கீழே இறக்கி நைட்ரஜனில் மூழ்கவிட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி தூக்குங்கள்.

அடியில் மைனஸ் 196 டிகிரி இருந்தாலும் கழுத்தில் அந்தக் குளிர் கிடையாது. வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே சுமார் மைனஸ் 20தான். மூன்று அங்குலத்தில் மைனஸ் 80 அளவில் இருக்கும், ஐந்து அங்குலம் போனால்தான் மைனஸ் 140-ஐத் தாண்டும். மைனஸ் 130-க்கு மேலே ஏறினால் பனித்துகள்கள் வளரத் தொடங்கும், மைனஸ் 80-ஐ எட்டினால் கெடுதல் நிச்சயம். மெல்லிய 0.25 மி.லி. குச்சி மிக வேகமாகச் சூடேறும். திரும்ப மூழ்கடித்தால் மீண்டும் குளிரும், ஆனால் கிழிந்த சவ்வு ஒட்டாது. தவிர, நீங்கள் ஒரு குச்சி எடுக்கும்போது பக்கத்தில் நிற்கும் மற்ற குச்சிகளும் கொஞ்சம் கொஞ்சமாக வீணாகின்றன. எந்தக் குச்சி கெட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது.

ஆகவே தேடும் வேலையே இல்லாமல் செய்துகொள்ளுங்கள். ஒரு கேனிஸ்டருக்கு ஓர் இனம் என்று பிரித்து, எதில் எது, எத்தனை என்று அட்டையில் எழுதி கேனிலேயே தொங்கவிடுங்கள். இனத்துக்கு ஒரு நிறக் குச்சி வருவதும் கைகொடுக்கும். குச்சியை விரலால் எடுக்காதீர்கள், நீள இடுக்கி வேண்டும். ஒரு கேனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இரண்டையும் நிழலில் ஒட்டி வைத்து, மூன்று விநாடிக்குள் கைமாற்றுங்கள். மின்விசிறிக்கு அடியில் வேண்டாம்.

குச்சியில் பல வருடங்களுக்கு முந்தைய தேதி அச்சிடப்பட்டிருக்கிறது. காலாவதியான சரக்கா?
– வாசகி, மன்னார்குடி

இல்லை. அது விந்தை உறையவைத்த தேதி. கிளிசரால் சேர்த்தால் விந்து உறைநிலையைத் தாங்கும் என்று 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கண்டறிந்த பிறகுதான் இந்தத் தொழிலே பிறந்தது. நைட்ரஜனில் இடைவிடாமல் மூழ்கியிருந்தால் பத்து, இருபது ஆண்டு ஆன குச்சியும் நல்ல குச்சிதான். தேதியை விட்டுவிட்டுக் காளையின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது போட்ட காளையின் விந்தையே, அதற்குப் பிறக்கும் கிடேரிக்கும் போட்டுவிட்டால் தகப்பனோடு மகளைச் சேர்த்ததாகும். வெறும் குச்சியைக் கேட்டு வாங்கி மாட்டின் அட்டையோடு ஒட்டி வைப்பது நல்ல வழக்கம்.

உருக்கும்போது சில குச்சிகள் ‘டப்’ என்று வெடிக்கின்றன. சிலவற்றில் விந்து முழுக்க இறங்காமல், விந்து செலுத்தும் கருவியான கன்மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே (ஷீத்) தங்குகிறது. குச்சி தரமில்லையா?
– கருவூட்டல் பணியாளர், செய்யாறு

இரண்டும் வேறு வேறு. வெடிப்பது, அடைப்பு சரியாக இல்லாத குச்சிக்குள் நைட்ரஜன் புகுந்திருப்பதால். வெந்நீர் பட்டதும் அது வாயுவாகிப் பீய்ச்சுகிறது. எடுத்தவுடன் ஓர் உதறு உதறினால் பஞ்சு முனையில் தங்கும் நைட்ரஜன் சிதறிவிடும், பாதி வெடிப்பு குறையும். அப்படியும் வெடித்ததைத் தூக்கிப் போடுங்கள், மிச்சத்தை வைத்து ஒப்பேற்ற வேண்டாம்.

ஷீத்துக்குள் தங்குவது பெரும்பாலும் வெட்டின் குறை. கன்னின் உள்தண்டை ஒரு சாண் பின்னுக்கு இழுத்து, பஞ்சு அடைப்பு உள்ள முனை உள்ளே போகும்படி குச்சியைச் செருகுங்கள். குளிர் நாளில் கன்னை முதலில் துணியால் தேய்த்துச் சூடேற்ற வேண்டும், இல்லாவிட்டால் உருகிய விந்துக்குக் குளிர் அதிர்ச்சி. காற்றுக் குமிழ் வெளிமுனைக்கு வரட்டும். குமிழ் இருக்கும் இடத்தில், வெளிமுனை அடைப்பிலிருந்து சுமார் ஒரு செ.மீ. உள்ளே தள்ளி, நேர்குறுக்காக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் வெட்டுமுனை ஷீத்தின் உள்வாயில் பொருந்தாது. தண்டை அழுத்தும்போது விந்து முன்னே போகாமல் குச்சிக்கும் ஷீத்துக்கும் இடையே பின்னோக்கி வழியும். மழுங்கின கத்தரிக்கோலும் குச்சியை நசுக்கி இதையே செய்யும்.

கருப்பை வாயின் கடைசி வளையத்தைத் தாண்டியதும் நிறுத்தி, ஐந்து எண்ணும் நேரம் எடுத்து மெல்ல அழுத்துங்கள். வெளியே எடுத்த பிறகு ஷீத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே பால்போல் தெரிந்தால் மாட்டுக்கு முழு அளவு போகவில்லை.

நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? கேன் வெளியே வியர்க்கிறது, கவலையாக இருக்கிறது.
– சங்கச் செயலாளர், ஆத்தூர்

வியர்ப்பதும், கழுத்தைச் சுற்றி வெண்பனி படிவதும் இரு சுவர்களுக்கு நடுவேயுள்ள வெற்றிடம் போய்விட்டதற்கு அடையாளம். நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள், இன்றே குச்சிகளை வேறு கேனுக்கு மாற்றுங்கள். உள்கலம் கழுத்தை மட்டுமே பிடித்துத் தொங்குகிறது. உருட்டினாலும், தரையில் இழுத்தாலும், பைக்கில் கட்டாமல் கொண்டுபோனாலும் அங்கேதான் விரிசல் விடும். ஈரத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.

மட்டம் பார்க்க மரக்குச்சியோ பிளாஸ்டிக் ஸ்கேலோ போதும். அடிவரை இறக்கி 15 விநாடி வைத்து, எடுத்துக் காற்றில் வீசினால் எதுவரை வெண்பனி படிகிறதோ அதுதான் மட்டம். உள்ளீடற்ற குழாய் கூடவே கூடாது, நைட்ரஜன் அதன் வழியே முகத்தில் பீய்ச்சும். விந்துக் குச்சியின் நீளம் 13.3 செ.மீ. மட்டம் 5 செ.மீ. என்றால் பாதிக்கு மேல் வெறும் ஆவியில் நிற்கிறது. வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். வழக்கத்தைவிட வேகமாக இறங்கினால் வியர்ப்பதற்கு முன்பே கேனின் கோளாறு தெரிந்துவிடும்.

காரில் கேனை வைத்து ஏ.சி. போட்டுக் கொண்டுவரலாமா?
– வாசகர், காஞ்சிபுரம்

கண்ணாடியை இறக்கிவிட்டு வாருங்கள். ஒரு லிட்டர் நைட்ரஜன் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். மணம் கிடையாது, மூச்சு முட்டுவதும் தெரியாது, மயக்கம்தான் வரும். ஆவி தப்பக் கூடாதென்று மூடியைத் துணி சுற்றி இறுக்குவதும் ஆபத்து.

காலையில் கத்திய மாட்டுக்கு எப்போது போட வேண்டும்? இரண்டு நாள் கழித்து ரத்தம் கசிந்தது, அப்போது போட்டால் நிற்குமா?
– வாசகி, பல்லடம்

காலையில் கண்டால் மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை. ரத்தம் கசிவது பருவம் முடிந்துவிட்டதன் அடையாளம், அன்று போடுவது வீண். தேதியைக் குறித்து, 17-ஆம் நாளிலிருந்து காலை மாலை கவனியுங்கள். கண்ணாடிபோல் தொங்கும் கோழை தெளிவாக இருக்க வேண்டும். மஞ்சளாகவோ சீழ்கலந்தோ இருந்தால் ஊசி வேண்டாம், மருத்துவம் பாருங்கள்.

கிடேரிக் கன்று மட்டும் பிறக்கும் குச்சியை எல்லா மாட்டுக்கும் போடலாமா?
– பால் பண்ணையாளர், ஈரோடு

பாலினம் பிரித்த குச்சியில் பத்துக்கு ஒன்பது கிடேரிதான் பிறக்கும். ஆனால் உயிரணுக்கள் வழக்கமான குச்சியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவே, பிரித்தெடுக்கும்போது பட்ட அடி வேறு. அதனால் சினை பிடிப்பது குறைவு, மேலே சொன்ன தவறுகளுக்கு இடமே கிடையாது. நன்றாக வளர்ந்த, பருவம் ஒழுங்காக வரும் கிடேரிக்கும், முதல் ஈற்றுப் பசுவுக்கும் போடுங்கள். ஏற்கெனவே இரண்டு முறை தவறிய மாட்டுக்குச் சாதாரணக் குச்சியே போடுங்கள்.