நீனோவர்: மறைந்த நகரையும் டாசல் குடும்பத்தையும் எங்கே தேடுவது?

ஜெர்மனியின் கோட்டிங்கனில் படிக்கும் வாசகர் ஒருவர், சோலிங் காட்டில் நீனோவர் மாளிகைக்கு அருகே இடைக்காலத்தில் ஒரு நகரம் இருந்ததாகக் கேள்விப்பட்டு, அதைக் கட்டிய டாசல் குடும்பத்தின் மூல ஆவணங்களை எங்கே தேடலாம், நேரில் சென்றால் எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

டாசல் குடும்பத்திடம் சொத்து வாங்கியவர்களின் ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள். வாரிசற்றுப்போன சிறு பிரபுக் குடும்பங்களின் ஆவணங்கள் ஒரே தொகுப்பாக எஞ்சுவது அரிது. ஆனால் கிரயப் பத்திரத்தை வாங்கியவர் கைவிடமாட்டார், ஏனெனில் அவருடைய உரிமைக்கு அதுதான் சான்று. இக்குடும்பத்தில் பிறந்த ரைனால்டு, புனித ரோமானியப் பேரரசர் பார்பரோசாவின் முதன்மை அமைச்சராகவும் கொலோன் பேராயராகவும் உயர்ந்தவர். குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளின் திருப்பண்டங்களை 1164-இல் மிலானிலிருந்து கொலோனுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவர் 1167-இல் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு முடிவதற்குள், அதே குடும்பத்தின் சிமோன் 1303-இல் நீனோவரைப் பிரவுன்ஷ்வைக் பிரபுக்களுக்கும், 1310-இல் டாசலை ஹில்டஸ்ஹைம் ஆயருக்கும் விற்றுவிட்டார். ஆகவே இவ்விரு தரப்பின் ஆவணங்கள்தான் உங்களுக்கு முதல் வாசல்.

ஹில்டஸ்ஹைம் ஆயரகத்தின் பத்திரங்கள் 1896 முதல் 1911 வரை ஆறு தொகுதிகளாக அச்சேறியுள்ளன. இவற்றின் மூலப் பிரதிகளை வைத்திருந்த ஹனோவர் ஆவணக் காப்பகம் 1943-இல் குண்டுவீச்சில் பெரும் சேதமடைந்ததால், இந்த அச்சுப் பதிப்பை முதலில் பார்ப்பதே நல்லது. காப்பகத்தில் எஞ்சியவற்றை அர்சின்சிஸ் (Arcinsys) என்ற காப்பக இணையப் பட்டியலில் தேடலாம். பத்திரங்கள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும், எழுத்துக்கூட்டலும் நிலையாக இராது. டாசல் (Dassel) என்பதை 'டாஸ்லே' (Dasle) என்று எழுதியிருப்பார்கள். இன்றைய வடிவத்தை மட்டும் தேடினால் பாதி கைநழுவிப்போகும்.

நேரில் சென்றால் ஏமாற்றம் வேண்டாம். 1200-ஐ ஒட்டி உருவாகி, அதே நூற்றாண்டில் தீக்கிரையான நகரம் அது. தரைக்கு மேல் சுவர்கள் ஏதும் இல்லை. அகழாய்வாளர்கள் வீடுகளின் நிலவறைகளைத் தோண்டியபோது, எரிந்த இடிபாடுகள் உள்ளே சரிந்து கிடந்தன. எரிந்த வீட்டின் பொருட்கள் இப்படி மண்ணுக்குள் அடைபட்டுத் தங்குவதால்தான், பத்திரங்கள் சொல்லாத அன்றாட வாழ்க்கை அங்கே நமக்குக் கிடைக்கிறது. அகழாய்வின் அடிப்படையில் மீண்டும் கட்டப்பட்ட இடைக்கால வீடு ஒன்று அங்கே உண்டு. அதை அவசியம் பாருங்கள்.

பானை ஓட்டுத்துண்டு ஒன்று கண்ணில் பட்டாலும் எடுக்காதீர்கள். அது கிடந்த இடம்தான் அதன் காலத்தைச் சொல்லும். மேலும் உலோகங்காட்டி கொண்டு தேடவோ தோண்டவோ, கீழ்ச் சாக்சனி மாநிலச் சட்டப்படி நினைவுச்சின்னப் பாதுகாப்புத் துறையின் முன் அனுமதி வேண்டும்.