ஆனேக்கல் ஜிகணி ரோட்டுக்கு எந்த சைக்கிள் தாங்கும்?

தம்பி, திண்டுக்கல்லிலிருந்து வந்து ஜிகணி இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வேலைக்குச் சேரப் போகிறீர்கள், ரூம் ஆனேக்கலில், போக வர சைக்கிள்தான், மழையிலும் ஓட்டியாக வேண்டும், கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. முன்னால் ஸ்பிரிங் வைத்த கியர் சைக்கிள் வாங்கலாமா, இல்லை அப்பா ஊரில் ஓட்டுகிற பழைய மாடலே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரின் இந்தத் தெற்கு ஓரத்திலேயே தங்கிவிட்டவன், வேலைக்குப் போவது சைக்கிளில்தான். என் பதில்: இரண்டும் வேண்டாம். ஸ்பிரிங் இல்லாத சாதா ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கவை), அகலமான டயர், கேபிள் டிஸ்க் பிரேக், பின்னால் மட்டும் ஏழோ எட்டோ கியர், முழு நீள மட்கார்டு. இப்படி ஒரு ஹைபிரிட், அதாவது ரோட்டு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவில் வருகிற வகை, பாருங்கள்.

முதலில் மழை. நம் ஊர்க் கணக்கை இங்கே போடக்கூடாது. திண்டுக்கல்லில் ஐப்பசி கார்த்திகை தாண்டினால் ரெயின்கோட்டை மடித்து வைத்துவிடலாம். இங்கே ஏப்ரல் கடைசியிலேயே சாயங்கால இடிமழை ஆரம்பித்துவிடும், சில நாள் ஆலங்கட்டியோடு. ஜூனிலிருந்து தூறலும் மேகமூட்டமும், செப்டம்பர் அக்டோபரில் வலுத்துக் கொட்டும். அதுவும் பெரும்பாலும் வேலை முடிந்து கிளம்புகிற நேரத்தில்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் வெயில் நாளில் கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஈர ரோட்டில் என்ன செய்யும் என்பதை வைத்துத்தான் சைக்கிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஈரத்தில் முதலில் கைவிடுவது பிரேக். அப்பாவின் சைக்கிளில் இருப்பது கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கிற கம்பி பிரேக், இரும்பு ரிம். காய்ந்த ரோட்டில் குறையில்லை, ஆனால் அந்தப் பளபளப்பான ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை வழுக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். அலுமினிய ரிம் எவ்வளவோ தேவலை, ஆனால் இந்தப் பக்கத்துச் செம்மண் சேறு கட்டையில் ஒட்டிக்கொண்டு அரைத்து அரைத்து ரிம்மையே தேய்த்துவிடும். டிஸ்க் பிரேக் ரிம்மைப் பிடிக்காது, சக்கரத்தோடு சுற்றுகிற ஒரு வட்டத் தகட்டைப் பிடிக்கும், அது நடு அச்சுக்குப் பக்கத்தில் இருப்பதால் சேறும் தண்ணீரும் அவ்வளவாக எட்டாது. டிஸ்க்கிலும் ஆயில் வைத்து வேலை செய்கிற ஹைட்ராலிக் வேண்டாம், கேபிள் வகையே எடுங்கள். கேபிள் அறுந்தால் பக்கத்துச் சந்தாபுராவில் எந்த சைக்கிள் கடையிலும் மாற்றிவிடலாம், ஆயில் லைனில் காற்று ஏறிவிட்டால் அதை எடுக்கத் தெரிந்தவரைத் தேடி நகரத்துக்குள் போக வேண்டும்.

ஸ்பிரிங் ஃபோர்க் விஷயத்தில் நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 20,000 ரூபாய்க்குள் வருகிற ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டு கிலோவுக்கு மேல் எடை. நீங்கள் மேட்டில் மிதிக்கும்போது அந்த எடையையும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும், மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கை அது அமுங்கி அமுங்கித் தின்றுவிடும். அப்புறம் ஒரு மழைக்காலம் போனால் உள்ளே சேறு ஏறித் துருப்பிடித்து அசையாமல் நின்றுவிடும், அப்போது ஸ்பிரிங்கும் இல்லை, எடை மட்டும் மிச்சம். ஹம்ப்ஸுக்கு, அதாவது வேகத்தடைக்கு, என்ன செய்வது என்று கேட்பீர்கள். இங்கே பெயிண்ட் அடிக்காத ஹம்ப்ஸ் எங்கே இருக்கும் என்று சொல்லவே முடியாது, நியாயமான கவலைதான். அதற்கு டயர் போதும்.

டயரின் பக்கவாட்டில் 700x38 என்ற மாதிரி எழுதியிருக்கும். அந்த இரண்டாவது எண்தான் மில்லிமீட்டரில் டயரின் அகலம், அது 35-க்குக் குறையக்கூடாது, 38 அல்லது 40 என்றால் நல்லது. கல்லைப் போல் காற்றடிக்காதீர்கள், உங்கள் எடை 70 கிலோ என்றால் 38 டயருக்குக் காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ பக்கம் வைத்தால் குழியையும் ஜல்லியையும் டயரே வாங்கிக்கொள்ளும். மழை என்றதும் பெரிய பெரிய கட்டை வைத்த மலை சைக்கிள் டயர் வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். தார் ரோட்டில் அது இழுக்கும், வேறு பயனில்லை. நாம் போகிற வேகத்தில், இவ்வளவு ஒல்லியான டயரில், கார் போல் தண்ணீர் மேல் மிதந்து வழுக்குவது நடக்காது. லேசான வரி போட்ட டயரே ஈரத் தாரில் நன்றாகப் பிடிக்கும். வழுக்குவது எங்கே என்றால் குவாரி டிப்பர்கள் சிந்திவிட்டுப் போகிற ஜல்லிப்பொடியிலும், டேங்கர் லாரி தண்ணீர் ஒழுகவிட்ட திருப்பத்திலும், ரோட்டு வெள்ளைக் கோட்டிலும். அங்கே பிரேக்கைத் தொடாமல் நேராகப் போங்கள்.

முள் இன்னொரு தொல்லை. ஏரிக்கரைப் பாதையில் நெருஞ்சியும் கருவேல முள்ளும் கிடக்கும், வேலி வெட்டிப் போட்ட நாளில் ரொம்பவே. பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளே வைத்த டயர் கிடைக்கிறது, எடை கூடினாலும் அதையே வாங்குங்கள். வால்வு பைக்குக்கு இருப்பது போன்ற தடித்த வகையா என்று பாருங்கள். அது இருந்தால் பெட்ரோல் பங்கில் காற்றடித்துக்கொள்ளலாம், மெல்லிய நீள வால்வு என்றால் அடாப்டர் தேட வேண்டும்.

கியர் பற்றி. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற மேட்டுநிலம், மலை ஏற்றம் கிடையாது, ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் ரோடு போகும். 20 கிலோ பக்கம் வருகிற பழைய மாடலில் கியர் இல்லாமல் தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அதுவும் திரும்பி வரும்போது எதிர்க்காற்றும் சேர்ந்தால் முழங்கால் பேசும். அதற்காக 21 கியர் வேண்டியதில்லை. முன்னால் ஒரே பல்சக்கரம் போதும், கெட்டுப்போக ஒரு சாமான் குறைவு. நெதர்லாந்து, டென்மார்க்கில் மழையிலும் பனியிலும் வேலைக்குப் போகிறவர்கள் வைத்திருப்பதில் பல சைக்கிள்களுக்கு கியர் பின் சக்கரத்தின் நடு அச்சுக்குள்ளேயே இருக்கும், செயினும் முழுக்க மூடியிருக்கும். ஷிமானோவும் ஸ்டர்மி ஆர்ச்சரும் அந்த மாதிரி கியர் செய்கிறார்கள். மழைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் பணத்துக்குள் வராது, கெட்டால் ஆனேக்கலில் பிரித்துப் பார்க்கவும் ஆள் கிடைப்பது கஷ்டம்.

மட்கார்டைக் கடைசியில் யோசிக்காதீர்கள். குட்டையான பிளாஸ்டிக் துண்டு இல்லை, சக்கரத்தைச் சுற்றி வருகிற முழு நீளம், முன் மட்கார்டின் அடியில் ரப்பர் நாக்கு தொங்க வேண்டும். மேலே இருந்து வருகிற மழைக்கு ரெயின்கோட் இருக்கிறது, கீழே இருந்து தெறிக்கிற சேறுதான் முதுகையும் ஷூவையும் செயினையும் பாழாக்கும். ஃபோர்க்கிலும் பின் சட்டத்திலும் மட்கார்டும் கேரியரும் மாட்ட ஸ்க்ரூ துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். துளை இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த சைக்கிளை விட்டுவிடுங்கள்.

பணத்தில் 15,000-ஐ சைக்கிளுக்கும் மீதியை சாமான்களுக்கும் வையுங்கள், ஏனென்றால் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பூட்டு, லைட் எல்லாம் பெரும்பாலும் தனி விலை. சர்ஜாபூர் ரோட்டில் டெக்காத்லான் இருக்கிறது, போய் நாலைந்து சைக்கிள் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் ஆனேக்கலிலேயே ஒரு கடையிலும் விலை கேளுங்கள். பக்கத்துக் கடையில் வாங்கினால் பெண்டு எடுக்க, கியர் சரிசெய்ய முகம் தெரிந்த ஆள் இருப்பார், அதற்காக ஐந்நூறு கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

லைட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். டயரில் உரசி ஓடுகிற டைனமோ மழையில் வழுக்கும், சார்ஜ் போடுகிற லைட் நல்லது. நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், டிசம்பர் ஜனவரி காலையில் மூடுபனி வேறு. பின்னால் சிவப்பு லைட் பகலிலும் எரியட்டும், டிப்பர் டிரைவர் கண்ணில் நீங்கள் பட வேண்டும்.

மழையில் ஓட்டிவிட்டு வந்த அன்றைக்கே செயினைத் துணியால் துடைத்து, சைக்கிள் செயினுக்கான ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் அடுத்த மழையிலேயே போய்விடும்.

வழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லாரிக்குப் பயந்து பன்னேர்கட்டா காட்டோரமாகப் போகிற குறுக்கு ரோட்டை யாராவது காட்டுவார்கள். பகலில் சரி. ராகி முற்றுகிற நவம்பர் முதல் ஜனவரி வரை அந்த ஊர்களுக்கு யானை வருவது உண்டு, அதனால் இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும் மெயின் ரோட்டிலேயே வாருங்கள்.

உங்கள் உயரத்தையும் எந்த ஷிப்ட் என்பதையும் சொல்லுங்கள், எந்த அளவு பிரேம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைக்கு நானும் கூட வருகிறேன்.