உடம்பே கஞ்சா செய்யுதா? – கடிதம்

அண்ணே வணக்கம்,

நான் மன்னார்குடி பக்கம். அக்கா மகன் காலேஜ் ரெண்டாவது வருஷம், திருச்சில ஹாஸ்டல். பொங்கலுக்கு வந்தப்ப சட்டைப் பையில ஒரு பொட்டலம் இருந்துச்சு, கஞ்சா. கேட்டா, "மாமா நம்ம உடம்பே அதை செய்யுது, மூளையில அதுக்குன்னே ரிசெப்டர் இருக்கு, அப்புறம் எப்படி கெடுதல்?"ங்கிறான். எனக்கு பதில் சொல்லத் தெரியல. அவன் சொல்றது நெசமா? இன்னொண்ணு, அப்பாவுக்கு முட்டித் தேய்மானம், ஆன்லைன்ல விக்கிற கஞ்சா எண்ணெய் கேக்கும்னு ஒருத்தர் சொல்றாரு. வாங்கலாமா? என் பேரைப் போட வேணாம்.

அன்புள்ள தம்பி,

மாப்ள பாதி படிச்சிருக்கான், அதையும் தலைகீழா படிச்சிருக்கான். உடம்பு கஞ்சா செய்யல. உடம்பு தன் வேலைக்கு ஒண்ணு செய்யுது, அது போய் உக்கார்ற எடத்துல, அதான் ரிசெப்டர், கஞ்சாச் செடியோட சரக்கும் தற்செயலா பொருந்திடுது, அவ்வளவுதான். ஆனா இதை மனுஷன் கண்டுபிடிச்சதும் தலைகீழாதான். 1964ல இஸ்ரேல்ல ரஃபேல் மெக்கூலம், கவோனி ரெண்டு பேரும் கஞ்சாவுல போதை தர்ற டிஹெச்சிய தனியா பிரிச்சு எடுத்துட்டாங்க, ஆனா அது மூளையில எங்க போய் ஒட்டுதுன்னு தெரிய 1988 ஆயிடுச்சு, அமெரிக்காவுல ஆலின் ஹவ்லெட் லேப்ல. அந்த எடத்துக்குத்தான் இப்ப சிபி1னு பேரு. ஒரு செடிய எதிர்பார்த்து மூளை அங்க எடம் போட்டு வச்சிருக்காதுல்ல, அப்ப உள்ளுக்குள்ளயே ஏதோ ஒண்ணு இருக்கணும்னு தேடி, 1992ல மெக்கூலம் ஆளுங்க பன்னி மூளையிலேர்ந்து எடுத்தாங்க. வச்ச பேரு அனந்தமைட். நம்ம ஆனந்தமேதான், சமஸ்கிருதத்துலேர்ந்து எடுத்தது. 1995ல டூ-ஏஜினு இன்னொண்ணு கெடச்சுது, மூளையில அளவுல அதுதான் பல மடங்கு ஜாஸ்தி.

இது எப்படி வேலை செய்யுதுங்கிறதுதான் எனக்குப் புடிச்ச எடம். நரம்பு செல்லுங்க வழக்கமா மேலேர்ந்து கீழதான் பேசும், வாய்க்கால்லேர்ந்து வயலுக்கு தண்ணி வர்ற மாதிரி. மேல உள்ள செல் ரசாயனத்தை ஊத்தும், கீழ உள்ளது வாங்கிக்கும். உடம்பு செய்யுற இந்த சரக்கு மட்டும் எதிர்த்துப் போவுது. வயல் நெறஞ்சதும் நாம வரப்பு மேல நடந்து போய் ரெண்டு மம்முட்டி மண்ணை வெட்டிப் போட்டு மடைய அடைக்கிறோம்ல, அதேதான். கீழ உள்ள செல்லுக்கு அளவுக்கு மீறி வந்துட்டா, தன் சவ்வுல இருக்கிற கொழுப்பையே அந்த நிமிஷம் வெட்டி டூ-ஏஜி செஞ்சு மேல அனுப்பும், அது மேல் செல்லோட நுனியில இருக்கிற சிபி1ல உக்காந்ததும் அங்க உள்ள போற கால்சியம் கொறையும், ஊத்துறது கொறையும். 2001ல இதை மூணு குழு தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. மத்த ரசாயனம் மாதிரி இதை மூட்டை கட்டி ஸ்டாக் வைக்கிறதில்ல, தேவைப்பட்ட எடத்துல தேவைப்பட்ட அளவு, வேலை முடிஞ்சதும் என்சைம் வந்து பிச்சுப் போட்டுடும். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள மடை திரும்பத் தெறந்துடும்.

மாப்ள இழுக்கிறப்ப என்னாவுதுன்னா எந்த வயலும் கேக்காமலே ஊர்ல உள்ள எல்லா மடையையும் ஒருத்தன் அடைச்சுட்டுப் போற மாதிரி ஆயிடுது, அதுவும் மணிக்கணக்குல, ஏன்னா டிஹெச்சிய அந்த என்சைமுங்க பிக்காது. ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ்ல சிபி1 நெறைய, அதான் சொல்ல வந்தது மறந்து போவுது. கை கால் அசைவைப் பாக்குற சிறுமூளையிலயும் நெறைய. இதுல இன்னொரு வில்லங்கம், அடைபடுறது எல்லாம் மடை இல்ல, சிலது வடிகால். மத்த செல்லை அடக்கி வைக்கிற செல்லுங்க மேலயும் சிபி1 இருக்கு, வடிகாலை அடைச்சா சம்பா என்னாவும்னு நமக்கு சொல்லவா வேணும். ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு கெடக்க, பக்கத்துல இருக்கிறவன் யாரோ தொரத்துறாங்கன்னு நடுங்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சைப் பாத்துக்கிற மூளைத் தண்டுல சிபி1 ரொம்பக் கம்மி, அதனால அபின் மாதிரி மூச்சை நிறுத்தாது. இதை வச்சு 'அப்ப ஆபத்தே இல்லல்ல'ன்னு அவன் அடுத்த வாதம் வைப்பான், ரெடியா இருங்க. தெனமும் இழுத்தா மூளை அந்த ரிசெப்டர்களை கொறைச்சுக்கும், நிறுத்தினா சுமார் ஒரு மாசத்துல பெரும்பாலும் திரும்புதுன்னு ஸ்கேன் வச்சுப் பாத்திருக்காங்க. அதனால திட்டாம நிறுத்தச் சொல்லுங்க. சட்டத்தையும் சொல்லிடுங்க, ஒரு கிலோவுக்குள்ள இருந்தாலே ஒரு வருஷம் வரை ஜெயில்.

உடம்போட சொந்த சரக்கு சும்மா இல்லங்கிறதுக்கு ஒரு கதை. சிபி1ஐ அடைச்சா பசி கொறையும்னு ரிமோனாபான்ட்னு ஒரு மாத்திரைய 2006ல ஐரோப்பாவுல உடம்பு எளைக்க வித்தாங்க. எளைச்சாங்க, ஆனா மனசு இருண்டு போயி தற்கொலை எண்ணம் வரைக்கும் போனதால 2008ல திரும்ப வாங்கிட்டாங்க.

அப்பா விஷயம். அந்த எண்ணெய்ல சொல்றது சிபிடி, கஞ்சாச் செடியில இருக்கிற இன்னொரு சரக்கு, டிஹெச்சி வேற இது வேற, சிபி1ல சரியா ஒட்டவே ஒட்டாது, போதையும் இல்ல. கொழந்தைங்களுக்கு வர்ற சில கடுமையான வலிப்புக்கு மருந்தா அமெரிக்காவுல 2018ல அனுமதி குடுத்தாங்க, அது உண்மை. ஆனா முட்டித் தேய்மானத்துக்கு வியன்னாவுல குடுத்துப் பாத்ததுல டம்மி மாத்திரைய விட கூடுதலா ஒண்ணும் கேக்கல. அப்பா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி எதாவது சாப்பிட்டா அதோட மோதவும் செய்யும். அந்தக் காசுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டப் பாத்து தொடைக்கு எக்சர்சைஸ் கத்துக்கிட்டு வரச் சொல்லுங்க, சம்மணம் போட்டு சாப்பிடுறதை கொஞ்ச நாள் விட்டுட்டு நாற்காலியில உக்காரட்டும், கோச்சுக்குவாரு, பரவால்ல. எண்ணெய்க்காரர் திரும்ப போன் பண்ணா பாட்டில்ல சிபிடி எத்தனை மில்லிகிராம், டிஹெச்சி எவ்வளவுன்னு லேப் ரிப்போர்ட் கேளுங்க.