பட்டனை அழுத்தியபின் ஓடும் வேலை

வணக்கம் அண்ணா,

இங்குள்ள தனியார் கல்வி நிலையம் ஒன்றுக்கு வெப் அப் செய்து அமேசான் கிளவுட்டில் ஏற்றியிருக்கிறேன். ஆசிரியர் பட்டனை அழுத்தியதும் 800 மாணவரின் தேர்ச்சி அறிக்கைகளும் பிடிஎஃப் ஆகி, பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். போகவேணும். லோட் பாலன்சர் (வரும் கோரிக்கைகளைச் சேர்வர்களுக்குப் பிரித்துவிடுவது) பாதியில் பிழை காட்டுகிறது. காலை 6 மணிக்கு வகுப்பு நினைவூட்டலும் வேணும். க்ரோனா, கியூவா, லாம்டாவா?

— வாசகர், கொக்குவில்

அன்புள்ள தம்பிக்கு,

க்ரோனும் (குறித்த நேரத்துக்கு வேலையை ஓட்டுவது) கியூவும் (செய்யவேண்டியவை காத்திருக்கும் வரிசை) வேலையைத் தொடக்கி வைப்பவை. லாம்டா, நாங்கள் சேர்வர் வைத்துப் பராமரிக்காமலே அது ஓடும் அமேசானின் இடம். அதனால் எது தொடக்குகிறது என்பதை முதலில் பாருங்கள். அறிக்கையைத் தொடக்குவது ஆசிரியர், அதற்குக் கியூ. நினைவூட்டலைத் தொடக்குவது மணிக்கூடு, அதற்கு ஷெடியூலர்.

நீங்கள் மாற்றியிராவிட்டால், 60 செக்கன் எந்தத் தரவும் வராத இணைப்பை லோட் பாலன்சர் அறுத்துவிடும். அந்த நேரத்தைக் கூட்டித் தப்பப் பார்க்காதீர்கள். அதே சேர்வருக்குள் தனி த்ரெட்டில் (பின்னணியில் ஓடும் கிளை வேலையாக) ஓட்டவும் வேண்டாம்: புதுப் பதிப்பு ஏற்றும்போது த்ரெட் நின்றுபோகும், எத்தனை பேருக்குப் போனது என்று ஒருவருக்கும் தெரியாது.

பட்டன், மாணவருக்கு ஒன்றாக 800 செய்திகளை (‘இவரின் அறிக்கையைச் செய்’ என்ற குறிப்புகளை) அமேசானின் எஸ்.கியூ.எஸ். கியூவில் போட்டுவிட்டு உடனே பதில் தரட்டும். ஓர் அழைப்பில் 10 செய்தி போடலாம். எல்லோரையும் ஒரே செய்தியில் அடைத்தால், 500ஆவது ஆளில் விழும் வேலை மறுபடி முதலாமவரில் இருந்து தொடங்கும்.

பெரிய சிக்கல் இனித்தான். சாதாரண எஸ்.கியூ.எஸ். ஒரு செய்தியை ஒரு தரமாவது கொடுக்கும். ஒரே தரம்தான் என்று உறுதி தராது. ஒரு வேர்க்கர் (கியூவில் இருந்து செய்தியை எடுத்து வேலையைச் செய்யும் புரோகிராம்) எடுத்த செய்தி மற்றவற்றுக்கு மறைந்திருப்பது, நீங்கள் மாற்றாதவரை 30 செக்கன். பிடிஎஃப் 40 செக்கன் எடுத்தால் இடையில் இன்னொரு வேர்க்கர் அதே மாணவரை எடுக்கும். ஒரே பெற்றோருக்கு இரண்டு எஸ்.எம்.எஸ்., இரண்டு கட்டணம். லாம்டா என்றால் மறைவு நேரத்தை அதன் நேர எல்லையின் ஆறு மடங்காக வைக்கச் சொல்கிறது அமேசான். அதுமட்டும் காணாது. மாணவர் எண்ணும் பரீட்சை எண்ணும் சேர்ந்து யூனிக் ஆக (அதே சோடி இரண்டாம் தரம் வராதபடி) டேட்டாபேசில் ஓர் அட்டவணை வையுங்கள். அனுப்பமுன் ‘அனுப்புகிறது’ என வரி எழுதுங்கள், போனபின் ‘அனுப்பியது’ என மாற்றுங்கள். வரி ஏற்கெனவே இருந்தால் வேர்க்கர் விலகிவிடவேணும். எஸ்.எம்.எஸ். சேவை தெளிவாக மறுத்தால் மட்டும் வரியை அழித்து மறுமுயற்சிக்கு விடுங்கள். ‘அனுப்புகிறது’ என்றே நின்றுவிட்டவை போனதா இல்லையா என்று மெசினுக்குத் தெரியாது. அவற்றை அலுவலகத்தில் ஒருவர் பார்க்கட்டும்.

ஐந்து தரம் தோற்ற செய்தி, தோற்றவற்றை ஒதுக்கிவைக்கும் டெட் லெட்டர் கியூவுக்குப் போகட்டும். அங்கே வைப்புக் காலத்தை 14 நாளாக்குங்கள்; செய்தி முதலில் போடப்பட்ட நேரத்தில் இருந்தே நாள் எண்ணப்படும், இயல்பான 4 நாள் ஒரு நீண்ட விடுமுறைக்குள் முடிந்துவிடும்.

செய்திக்கு ஒரு மாணவர் என்றால் லாம்டாவே தாராளம். அதன் உச்சம் 15 நிமிடம். எல்லா அறிக்கையையும் ஒரே சிப் கோப்பாக்குவது போன்ற நீண்ட வேலையைக் கண்டெய்னரில் (புரோகிராமையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாய்க் கட்டிய பொதியில்) ஓட்டுங்கள்.

நினைவூட்டலை அமேசானின் ஈவென்ட்பிரிட்ஜ் ஷெடியூலரில் வையுங்கள். அப்புக்குள்ளேயே க்ரோன் வைத்தால், இரண்டு சேர்வர் ஓடும் நாளில் இரண்டும் அனுப்பும். நேர வலயம் ஆசியா/கொழும்பு எனக் கொடுங்கள். உலகப் பொது நேரமான யூ.ரி.சி.யில் எழுதினால் காலை 6 மணி 00:30 ஆகும். ஆனால் திங்கள் காலை 5 மணி ஞாயிறு 23:30 ஆகி நாளே மாறிவிடும்.

கியூவின் மிகப் பழைய செய்தி 10 நிமிடம் தாண்டினால் உங்கள் ஃபோனுக்கு அலாரம் வரவும் செய்யுங்கள். பெற்றோர் கேட்டுத்தான் நீங்கள் அறியவேணும் என்றில்லை.