கொல்லைப்புறத்தில் பிரெய்ரி: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிகாகோவில் மெக்கார்மிக் பிளேஸ் அரங்கை ஒட்டி ஏரிக்கரையில் இருக்கும் பறவைப் புகலிடத்தைப் பார்த்தோம். சின்ன இடம்தான், அதற்குள்ளேயே பிரெய்ரி என்னும் வட அமெரிக்கப் புல்வெளியின் புல்லும் மரக்கூட்டமும். அந்த ஆசையில் எங்கள் கொல்லையில் நூறு சதுர அடி லானை வெட்டியெடுத்து, எருவும் கலந்து, மே கடைசியில் பிரெய்ரி விதை தூவினேன். களைதான் மண்டிக்கிடக்கிறது. விதை மோசமா? இதை அவ்வப்போது எரிக்கவும் வேண்டுமாமே, வீட்டில் எப்படி முடியும்?

எஸ்., நேப்பர்வில்

அன்புள்ள எஸ்.,

விதையைக் குறை சொல்லாதீர்கள். பிரெய்ரிப் பூச்செடிகள் பலவற்றின் விதை ஒரு குளிர்காலம் ஈரத்தில் கிடந்தால்தான் முளைக்கும். மேயில் தூவினால் அவை அடுத்த வசந்தம்வரை அப்படியே கிடக்கும், அதற்குள் பாதியை எலியும் குருவியும் தின்றுவிடும். எரு போட்டது களைக்குத்தான் லாபம். பிரெய்ரிச் செடிகளுக்கு மெலிந்த மண்ணே போதும்.

இப்போது களையைப் பிடுங்க வேண்டாம், பக்கத்திலிருக்கும் நாற்றும் சேர்ந்து வந்துவிடும். பத்து அங்குலம் வளரும்போதெல்லாம் ஆறு அங்குலத்துக்கு வெட்டிவிடுங்கள். களை பூக்காது, நாற்றுக்கு வெயில் கிடைக்கும். நவம்பர் கடைசியில், சதுர அடிக்கு 50 விதை என்ற கணக்கில், ஈர மணலோடு கலந்து மறுபடி தூவி மிதித்துவிடுங்கள். மண் போட்டு மூடக்கூடாது. முதல் இரண்டு வருடம் வளர்ச்சியெல்லாம் வேரில்தான். மூன்றாம் வருடம்தான் பூ. பிக் புளூஸ்டெம் என்ற பிரெய்ரிப் புல் ஆறேழு அடி வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். நூறு சதுர அடிக்கு அதைவிடக் குட்டையான லிட்டில் புளூஸ்டெம்தான் சரி.

நீங்கள் கேட்காததுதான் முக்கியம்: கொல்லையைப் பார்த்த ஜன்னல்கள். நீங்கள் பார்த்த புகலிடத்துக்குப் பக்கத்து அரங்கில், 2023 அக்டோபர் 5 அன்று ஒரே நாளில் ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் கண்ணாடியில் மோதிச் செத்தன. பெரும்பாலும் வார்ப்ளர்கள் என்னும் சிறு பாடும் பறவைகள். உள்ளே விளக்கு, வெளியே இரவில் வலசை போகும் கூட்டம். 2024 கோடையில் கண்ணாடி முழுக்கப் புள்ளிப் படலம் ஒட்டினார்கள். அந்த இலையுதிர்காலத்தில் சாவு சுமார் 95 சதவீதம் குறைந்தது. அங்கே முன்பே செய்திருக்க வேண்டிய வேலை என்பது என் கருத்து.

உங்கள் வீட்டிலும் அதே முறைதான். புள்ளிகள் இரண்டு அங்குல இடைவெளியில், கண்ணாடியின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். மரமும் வானமும் பிரதிபலிப்பது வெளிப்பரப்பில். உள்ளே ஒட்டினால் பகலில் பறவைக்குத் தெரியாது. கடையில் விற்கும் ஒற்றைப் பருந்து ஸ்டிக்கர் காசுக்குக் கேடு, பறவை அதைச் சுற்றிக்கொண்டு போய் மோதும். தீனித்தட்டு வைத்தால் ஜன்னலிலிருந்து மூன்று அடிக்குள் வையுங்கள், அங்கிருந்து கிளம்பினால் அடிபடும் வேகம் வராது.

எரிப்பது அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்கள் வேலை. காய்ந்த சருகு போய் மண் சீக்கிரம் சூடாகவும், முளைவிட்ட மரக்கன்றுகள் கருகவும்தான் அது. நீங்கள் மார்ச் கடைசியில் பாதி இடத்தை மட்டும் வெட்டி, வெட்டியதை வாரி அகற்றுங்கள். மறுபாதி அடுத்த வருடம். இலையுதிர்காலத்தில் கை வைக்காதீர்கள், குளிர்காலக் குருவிகளுக்கு அந்த விதைதான் சாப்பாடு. மார்ச்சில் வெட்டும்போது அடியில் ஒரு முழம் தண்டு நிற்கட்டும், தனித்து வாழும் தேனீக்கள் அதற்குள் கூடு வைக்கும்.