கம்ப்யூட்டரில் சரியான பெயர், கார் ஸ்டீரியோவில் மட்டும் "ட்ராக் 01"

கம்ப்யூட்டரில் நீங்கள் திருத்திய பாட்டுப் பெயர்கள் காரில் "ட்ராக் 01" என்றே வந்தால், அவற்றைத் திரும்ப டைப் செய்ய வேண்டாம். எம்பி3டேக்கில் (பாட்டு ஃபைலுக்குள் இருக்கும் பெயர் விவரங்களை, அதாவது டேக்கை, திருத்தும் மென்பொருள்) டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > டேக்ஸ் > எம்பெக் போய், ரைட் (எழுதுதல்) பகுதியில் ஐடி3வி2.3 யூடிஎஃப்-16 வையுங்கள்; இது டேக்கின் 2.3 பதிப்பு. பிறகு கன்ட்ரோல்+ஏ, கன்ட்ரோல்+எஸ். மொத்த ஃபோல்டரும் மாறிவிடும்.

நீங்கள் திருத்தியது 2.4 பதிப்பு டேக்கில் இருக்கும். பழைய ஸ்டீரியோக்கள் பல அதைப் படிக்காது. சிடியிலிருந்து ரிப் செய்தபோது (பாட்டை ஃபைலாக எடுத்தபோது) ஒட்டிக்கொண்ட ஐடி3வி1 என்ற முதல் பதிப்பு டேக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். (அதில் தலைப்புக்கு 30 பைட்தான். நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படுவதும் அதனால்தான்.)

சந்தேகமிருந்தால், மாற்றும் முன் பட்டியலில் 'டேக்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள். "ஐடி3வி2.4 (ஐடி3வி1 ஐடி3வி2.4)" என்றிருந்தால் பெரும்பாலும் இதே கோளாறுதான். முதலில் ஒரே ஒரு பாட்டை மாற்றி, பென்டிரைவில் போட்டுக் காரில் பாருங்கள்.

ஒன்று: ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் இதற்குப் பிறகும் கட்டம் கட்டமாகத்தான் வரும். அப்போது தலைப்பை ஆங்கில எழுத்தில் வைப்பதுதான் வழி.