'காட் சேவ் தி குயின்' பாட்டுக்கு 1977-இல் முதலிடம் வேண்டுமென்றே மறுக்கப்பட்டதா?

கேள்வி: பிரிட்டிஷ் பங்க் ராக் இசைக்குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் 'காட் சேவ் தி குயின்' பாட்டு ஏன் அவ்வளவு பெரிய சர்ச்சையானது? பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்துக்கு வராமல் தடுக்கப்பட்டது என்கிறார்களே, உண்மையா?

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தடுக்கப்பட்டது என்பதற்கு இன்றுவரை வெளிப்படையான ஆவணம் இல்லை. ஆனால் சந்தேகப்பட நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்கள் புரிய வேண்டுமென்றால், பாட்டில் என்ன இருந்தது என்பதைவிட அந்தத் தட்டு எந்தெந்தக் கைகள் வழியாகக் கடைக்குப் போக வேண்டியிருந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரு பொதுவான தவறான எண்ணம்: ராணி இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறியதன் வெள்ளி விழாவைக் கெடுப்பதற்காகவே இதை எழுதினார்கள் என்பது. இல்லை. 1976 கடைசியிலேயே இந்தப் பாட்டை மேடையில் பாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது இதன் பெயர் 'நோ ஃப்யூச்சர்', அதாவது எதிர்காலம் இல்லை. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் தலைப்பைத் தூக்கி இதன் நெற்றியில் ஒட்டியது பிறகு நடந்தது. வெள்ளி விழாவை மனதில் வைத்து எழுதவில்லை என்று டிரம்ஸ் வாசித்த பால் குக்கே சொல்லியிருக்கிறார். ஆனால் வெளியீட்டுத் தேதி அப்படித் தற்செயலாக அமைந்ததல்ல. தட்டு கடைக்கு வந்தது 1977 மே 27. விழாவுக்கான பொது விடுமுறை ஜூன் 7. விற்பனை சூடு பிடிக்கச் சரியாகப் பத்துப் பன்னிரண்டு நாள். மேலாளர் மால்கம் மெக்லாரனுக்கு இந்தக் கணக்கெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றைய பிரிட்டன் எப்படி இருந்தது? 1975-இல் விலைவாசி உயர்வு 24 சதவீதத்தைத் தொட்டிருந்தது. 1976-இல் அரசாங்கம் பன்னாட்டு நிதியத்திடம் போய்க் கடன் கேட்டது. வேலையில்லாதவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். பள்ளியை முடித்துவிட்டு வெளியே வரும் இளைஞர்களுக்கு அடுத்து என்ன என்றே தெரியாது. அதே நேரத்தில் தெருவெங்கும் கொடி, தோரணம், விருந்து. பாடகர் ஜானி ராட்டன் (இயற்பெயர் ஜான் லைடன்) வடக்கு லண்டனில் ஐரிஷ் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 'உங்களுக்கு எதிர்காலம் இல்லை' என்ற வரி அவர் வாயிலிருந்து வந்தபோது அது கிண்டலாக மட்டும் ஒலிக்கவில்லை. அரச அமைப்பை ஃபாசிஸ்ட் ஆட்சி என்றது, ராணியை மனிதப் பிறவியே இல்லை என்றது, இவை இரண்டும்தான் பத்திரிகைகளைக் கொதிக்க வைத்தன. எனக்கு அதைவிடக் கூர்மையாகப் படுவது, இளைஞர்களைக் குப்பைத்தொட்டியில் கிடக்கும் பூக்கள் என்று சொல்லும் இடம். அதைப் பற்றி அன்று யாரும் தலையங்கம் எழுதியதாகத் தெரியவில்லை.

சர்ச்சைக்கு இன்னொரு பாதி காரணம் குழுவின் முன்கதை. 1976 டிசம்பர் 1 அன்று தேம்ஸ் தொலைக்காட்சியின் மாலை நேர நேரலையில், தொகுப்பாளர் பில் கிரண்டி சீண்டச் சீண்ட இவர்கள் கெட்ட வார்த்தைகளில் பதில் சொன்னார்கள். (அன்று அந்த நிகழ்ச்சிக்கு வர வேண்டியவர்கள் வேறு ஒரு குழு. அவர்களால் வர முடியாததால் கடைசி நேரத்தில் இவர்களை அனுப்பினார்கள். வராமல் போன அந்தக் குழுவின் பெயர் 'குயின்'.) மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கம் முழுக்க இதுதான். ஊர் ஊராக ஏற்பாடாகியிருந்த கச்சேரிகளில் பெரும்பாலானவை ரத்தாகின. ஜனவரியில் இவர்களின் தட்டுகளை வெளியிட்ட இஎம்ஐ நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தது. மார்ச் 10 அன்று பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் மேசை போட்டு ஏ அண்ட் எம் நிறுவனத்தோடு கையெழுத்திட்டார்கள். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. 16-ஆம் தேதி அவர்களும் கைகழுவினார்கள். அதற்குள் இந்தப் பாட்டின் தட்டு ஏறத்தாழ 25,000 பிரதிகள் அடித்தாகிவிட்டது. அனேகமாக எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். மே மாதத்தில் மூன்றாவதாக வந்து சேர்ந்தது வர்ஜின் நிறுவனம்.

பாட்டு எப்படிப் பதிவானது என்பதையும் சொல்ல வேண்டும். 'வாசிக்கத் தெரியாத பையன்கள் போட்ட சத்தம்' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பதிவு நடந்தது 1977 மார்ச்சில், லண்டன் வெஸெக்ஸ் ஸ்டுடியோவில். தயாரிப்பாளர் கிரிஸ் தாமஸ். ராக்ஸி மியூசிக் ஆல்பங்களைத் தயாரித்தவர், பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஒலிக்கலவையில் பங்கெடுத்தவர். ஒலிப்பதிவாளர் பில் பிரைஸ். பாட்டை உருவாக்கியதில் பங்கிருந்த பேஸ் கிட்டார்காரர் க்ளென் மேட்லாக் பிப்ரவரியிலேயே விலகிவிட்டார். அவர் இடத்துக்கு வந்த சிட் விஷஸுக்குப் பதிவுக்கு நிற்கும் அளவு வாசிக்க வராது. அதனால் கிட்டார்காரர் ஸ்டீவ் ஜோன்ஸே பேஸையும் வாசித்தார். விளைவைக் காதால் கேட்கலாம்: பேஸ் தனி வழியில் எங்கும் அலையாமல், கிட்டார் பிடிக்கும் ஒவ்வொரு சுரக்கூட்டின் ஆதார சுரத்தோடு அப்படியே ஒட்டி நகர்கிறது. வாசித்த கை ஒன்றே என்பதால் தாள இடைவெளியில் பிசிறு இல்லை. அதன்மேல் அதே கிட்டார் பகுதியை மறுபடி மறுபடி வாசித்து அடுக்கினார்கள். ஒரு ஆள் வாசிப்பது சுவர் மாதிரி ஒலிப்பது அதனால்தான். குரலை மட்டும் தெளிவாக முன்னால் வைத்தார்கள். ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது. சொல் விளங்காத பாட்டாக இருந்திருந்தால் இந்த ரகளையில் பாதிகூட நடந்திருக்காது.

ஜேமி ரீட் வடிவமைத்த உறை தனி விவகாரம். நீலமும் வெள்ளியும், நடுவில் ராணியின் படம், கண் இருக்க வேண்டிய இடத்திலும் வாய் இருக்க வேண்டிய இடத்திலும் பணயக் கைதிக் கடிதம் போலக் கத்தரித்து ஒட்டிய எழுத்துகள்.

இனி தடைகளுக்கு வருவோம். அரசாங்கம் ஒரு ஆணை போட்டு இந்தப் பாட்டைத் தடை செய்யவில்லை. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தானாகக் கையை விரித்தது. தட்டு அடிக்கும் தொழிற்சாலையில் ஊழியர்கள் வேலை செய்ய மறுத்தார்கள். உறைக்கு அச்சுத் தகடு செய்பவர்களும் மறுத்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகே வேலை நடந்தது. பிபிசி பாட்டை ஒலிபரப்ப மறுத்தது. சொன்ன காரணம், படுமோசமான ரசனை. தனியார் வானொலிகளைக் கண்காணித்த சுயேச்சை ஒலிபரப்பு ஆணையமும் தன் நிலையங்களுக்கு அதையே சொன்னது. விளம்பரமும் போட முடியவில்லை. வுல்வொர்த்ஸ், பூட்ஸ், டபிள்யூ. எச். ஸ்மித் ஆகிய பெரிய கடைத்தொடர்கள் தட்டை விற்க மறுத்தன. அன்று ஊருக்கு ஊர் இசைத்தட்டு விற்றவை இந்தக் கடைகள்தான் என்பதை மறக்கக் கூடாது. மார்கஸ் லிப்டன் என்ற தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர், நம் அமைப்புகளை அழிக்கப் பாப் இசை பயன்படுமானால் முதலில் அதை அழிக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார்.

இவ்வளவுக்கும் பிறகு தட்டு விற்றது. முதல் வாரம் பட்டியலில் 11-ஆம் இடம். ஜூன் 11-இல் முடிந்த வாரம், அதாவது விழா வாரம், 2-ஆம் இடம். முதலிடத்தில் ராட் ஸ்டூவர்ட்டின் 'ஐ டோன்ட் வாண்ட் டு டாக் அபவுட் இட்'. அந்த வாரத்தோடு சேர்த்து அது நான்கு வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் என்எம்ஈ இசை வார இதழ் தனியாகத் தொகுத்த பட்டியலில் செக்ஸ் பிஸ்டல்ஸ்தான் முதலிடம். இரண்டு பட்டியல், இரண்டு விடை. சந்தேகம் இங்கேதான் முளைத்தது.

அதிகாரபூர்வப் பட்டியலை பிஎம்ஆர்பி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் தயாரித்தது. கணினி வழிக் கணக்கெடுப்பு 1983-இல் காலப் நிறுவனம் வந்த பிறகுதான் தொடங்கியது. அதற்கு முன் எல்லாம் கையெழுத்து நோட்டு. நாடெங்கும் உள்ள கடைகளிலிருந்து சில நூறு கடைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கடையிலும் ஒரு நோட்டைக் கொடுத்திருப்பார்கள். தட்டு விற்க விற்க விற்பனையாளர் அதன் எண்ணைக் குறிக்க வேண்டும். வாரக் கடைசியில் நோட்டுகள் போய்ச் சேரும். அவற்றை வைத்து நாடு முழுவதற்குமான விற்பனையை ஊகிப்பார்கள். இந்த முறையில், ஒரு தட்டு எல்லாக் கடைகளிலும் பரவலாக விற்கும்போது கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். குறிப்பிட்ட சில கடைகளில் மட்டும் குவிந்து விற்றால் தடுமாறும். பெரிய கடைத்தொடர்கள் விற்க மறுத்த தட்டு எங்கே விற்கும்? சின்னச் சின்னத் தனிக் கடைகளிலும் வர்ஜினின் சொந்தக் கடைகளிலும். அவற்றில் எத்தனை கடைகளில் நோட்டு இருந்தது என்பதைப் பொறுத்து விடை எந்தப் பக்கமும் சாயலாம். ஆக, யாருமே சதி செய்யாவிட்டாலும் இந்தத் தட்டின் கணக்கு குறைவாக வர வாய்ப்பு இருந்தது.

சதி என்று சொல்பவர்களின் வாதம் இதற்கு மேல் ஒரு படி போகிறது. பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம், தட்டு வெளியிடும் நிறுவனங்களுக்குச் சொந்தமான கடைகளின் கணக்கை அந்த ஒரு வாரம் மட்டும் சேர்க்க வேண்டாம் என்று பிஎம்ஆர்பிக்கு ரகசியமாகச் சொன்னது, அடுத்த வாரமே விலக்கிக்கொண்டது என்கிறார்கள். அப்படிச் சொல்லியிருந்தால் நேரடியாக அடி வாங்குவது வர்ஜின்தான். தன் தட்டைத் தன் கடையில் தானே வாங்கிக் கணக்கேற்றும் தில்லுமுல்லு அக்காலத்தில் இருந்தது. ஆகவே விதி என்ற அளவில் அது அநியாயமில்லை. குறிப்பிட்ட ஒரு வாரத்துக்கு மட்டும் என்பதுதான் நெருடுகிறது. என் கணிப்பு: உண்மையான விற்பனையில் பிஸ்டல்ஸ் முந்தியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் 'திருடப்பட்டது' என்று அடித்துச் சொல்ல அந்த வார நோட்டுகள் நம் கையில் வேண்டும்.

இதைவிட ஒரு வேடிக்கை நடந்தது. சில கடைகளில் தொங்கவிட்ட பட்டியலில் 2-ஆம் இடத்துக்கு நேரே பெயரே எழுதாமல் வெறுமையாக விட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயரை மறைத்து வைத்தால் பார்ப்பவர் கண் வேறு எங்கே போகும்?

ஜூன் 7 அன்று 'குயின் எலிசபெத்' என்ற பெயருள்ள படகை வாடகைக்கு எடுத்துத் தேம்ஸ் நதியில் கச்சேரி வைத்தார்கள். ராணியின் அதிகாரபூர்வ நதிப் பவனி இரண்டு நாள் கழித்து, 9-ஆம் தேதி. நாடாளுமன்றக் கட்டடத்தை ஒட்டிப் போகும்போது பாட்டுகள் முழங்கின. காவல் படகுகள் சூழ்ந்தன, மின்சாரம் நின்றது, கரையில் இறங்கியதும் மெக்லாரன் உட்படப் பலரைக் கைது செய்தார்கள். பத்திரிகைகளுக்கு இது கொண்டாட்டம். அடி வாங்கியவர்களுக்கு அப்படி இல்லை. ஜூன் 18 அன்று வடக்கு லண்டனில் ஒரு மது விடுதிக்கு வெளியே ராட்டனையும் கிரிஸ் தாமஸையும் பில் பிரைஸையும் ஒரு கும்பல் கத்தியோடு தாக்கியது. ராட்டனின் கையில் ஆழமான வெட்டு. மறுநாள் பால் குக்கை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். உறை வரைந்த ஜேமி ரீடும் தப்பவில்லை. சர்ச்சை என்று இன்று சிரித்துக்கொண்டே பேசுகிறோம். அந்தக் கோடையில் அவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரவே யோசிக்க வேண்டியிருந்தது.

ஜூலையிலேயே நிலைமை மாறியதையும் கவனியுங்கள். குழுவின் அடுத்த தட்டு 'ப்ரிட்டி வேக்கன்ட்' பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் காட்டப்பட்டது. 6-ஆம் இடம் வரை ஏறியது. ஆக, பிபிசி கதவடைத்தது குழுவுக்கு அல்ல, இந்தப் பாட்டுக்கு.

2002-இல் ராணியின் பொன்விழாவுக்கு மறுபடி வெளியிட்டபோது 15-ஆம் இடம். 2012 வைரவிழாவுக்கு இதை முதலிடத்துக்குத் தள்ள ஒரு இயக்கமே நடந்தது. லைடன் அதில் தனக்குப் பங்கில்லை என்று விலகிக்கொண்டார். தட்டு 80-ஆம் இடத்தோடு நின்றது. அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாப் படத்தில், கேமரா தேம்ஸ் நதியின் மேல் பறக்கும்போது இந்தப் பாட்டு சில நொடிகள் ஒலித்தது. விழாவைத் தொடங்கி வைக்க அரங்குக்கு வந்தவர் அதே ராணி.

பழைய தட்டு வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். பொதுவாகக் கிடைப்பது வர்ஜின் பதிப்பு: எண் விஎஸ் 181, ராணி படம் போட்ட உறை, பின்பக்கப் பாட்டு 'டிட் யூ நோ ராங்'. விலை எகிறுவது அழிப்பிலிருந்து தப்பிய ஏ அண்ட் எம் பதிப்புக்கு: எண் ஏஎம்எஸ் 7284, பின்பக்கம் 'நோ ஃபீலிங்', ராணி படம் இல்லை. ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகும் பொருள் என்பதால் போலிகள் தாராளமாக உலவுகின்றன. ஏ அண்ட் எம் லேபிளோடு ராணி படம் போட்ட உறையையும் சேர்த்து யாராவது 'அசல்' என்று நீட்டினால், உறையாவது பிறகு மாட்டியது, இல்லையென்றால் மொத்தமும் போலி.